கண்ணீர் தீர்ப்பு அல்ல

குண்டு போடப் போய் மரித்தவனுடைய கல்லறையில் நின்று அழலாமா? அழுதால் அவன் செய்ததற்கு ஆமென் சொன்னதாகிவிடாதா?

ஜெர்மனியில், நெதர்லாந்து எல்லைக்கு அருகே, ரைக்ஸ்வால்ட் என்ற காட்டில் ஒரு யுத்தக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நான் போய்ப் பார்த்தேன். 7,500க்கும் அதிகமானோர் அங்கே அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார்கள். அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல். பல கற்களின் அடியில் வீட்டார் எழுதக் கொடுத்த ஒரு சின்ன வாக்கியம். ஹென்றி மாட்ஸ்லி என்ற விமானியும் அவரோடு பறந்த ஆறு பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். மாட்ஸ்லிக்கு வயது 21. நம்ம சபை வாலிபர் கூட்டத்தில் உட்காருகிற வயசு!

1943 மே 16 இரவு. ஜெர்மனியின் ஆயுதத் தொழிலுக்கு உதவிய அணைகளை உடைக்க, பிரிட்டனிலிருந்து 19 லங்காஸ்டர் விமானங்கள் புறப்பட்டன. 8 திரும்பவில்லை. 53 பேர் மரித்தார்கள். மாட்ஸ்லியின் குண்டு ஏடர் அணையின் மேல்சுவரில் பட்டு வெடித்தது; அணை உடையவில்லை. பிறகு வேறொரு விமானம் அதை உடைத்தது. திரும்பும் வழியில், ரைன் நதியோரத்து எம்மெரிக் அருகே, மாட்ஸ்லியின் விமானம் சுடப்பட்டு விழுந்தது. ஏழு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஆனால் அந்த இரவில் மரித்தவர்கள் அவர்கள் மட்டுமல்ல. மோனே என்ற மற்றொரு அணையும் உடைந்தது. வெள்ளத்தில் செத்தவர்கள் சுமார் 1,600 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அதில் பாதிக்கு மேல் ஜெர்மானியர் அல்ல. பலவந்தமாய்க் கொண்டுவரப்பட்ட அந்நிய அடிமை வேலையாட்கள். நேஹைம் என்ற ஊரில் அவர்களுடைய முகாமே அடித்துச் செல்லப்பட்டது. அநேகர் பெண்கள். ஹிட்லரின் கையிலிருந்து விடுவிக்கப்படவேண்டியவர்களே தண்ணீரில் போனார்கள்.

இதைச் சொன்னபோது ஒரு வாலிபத் தம்பி கேட்டார்: "அப்படின்னா ஐயா, அந்த ஏழு பேருக்காக ஏன் அழணும்?"

யோசித்துப் பாருங்கள். மாட்ஸ்லியின் குண்டு குறி தவறியது. அதனால் அவர் நிரபராதியா? தவறாதிருந்தால் கொலைபாதகரா? ஒரு நொடியில் மனுஷனுடைய இருதயம் மாறிவிடுமா? ஹிட்லரின் கொடுமை நிறுத்தப்படத்தான் வேண்டும். அதற்காக அவர்கள் தங்கள் ஜீவனையே கொடுத்தார்கள். இது மெய். நேஹைமில் மூழ்கிய பெண்களுக்கு அது ஆறுதல் இல்லை. இதுவும் மெய்.

தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகுதான் அழவேண்டும் என்று நாம் நினைக்கிறோம். தனக்கு விரோதமாய் எழும்பின அப்சலோமுக்காகத் தாவீது அழுதானே! மகன் செய்தது சரி என்றா அழுதான்? அழுவது வேறு, நியாயப்படுத்துவது வேறு. ஆனால் பொய் சொல்லி அழக்கூடாது. அவர்களை வீரர்கள் என்று மட்டும் சொன்னால் நேஹைமை மறைக்கிறோம். கொலைகாரர் என்று மட்டும் சொன்னால், மகனுடைய கல்லுக்கு ஒரு வரி தேடின தாயை மறைக்கிறோம்.

ஆகவே, சகோதர சகோதரிகளே, சாவு வீட்டு வாசலில் நின்று செத்தவனுடைய கணக்கைப் பார்க்காதிருங்கள். அவன் செய்ததை மறைக்கவும் வேண்டாம். உள்ளே போய் அழுகிறவர்களோடு அழுங்கள். அப்புறம், அவனாலே அழுதவர்களுடைய வீட்டுக்கும் போங்கள்.