ரப்பர் இதழ்கள்

இளையோரே, படகு மோட்டாரின் நீர்ப்பம்புக்குள் இருக்கும் இம்பெல்லரைப் பார்த்திருக்கீங்களா? சின்ன ரப்பர் சக்கரம். தண்ணீரில்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே கருகிடும். ஆனால் கோல சிலாங்கூரில் மாமா படகில் நான் மாற்றியது ஓடிக் கெட்டதல்ல. மாதக்கணக்கில் சும்மா கிடந்து, இதழ்கள் மடங்கியபடியே இறுகிவிட்டன. தைப்பூசத்துக்கு மட்டும் காவடி தூக்கி, மற்ற நாளில் விபூதித் தட்டையே தொடாத நம் பக்தியும் இப்படித்தான். தினமும் 5 நிமிடம் உட்கார்ந்தால் மனசு இறுகாது.

ஓர் இதழ் உடைந்தும் இருந்தது. “புதுசைப் போட்டா போதும்டா,” என்றார் மாமா. உடைந்த துண்டு நீர்வழியை அடைத்துக்கொள்ளுமே! தேடி எடுத்த பிறகுதான் பூட்டினோம். விரதத்துக்கு முன் பழைய மனஸ்தாபத்தையும் அப்படித் தேடணும். இந்த வருஷம், பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசிட்டுத்தான் நான் விரதம் தொடங்கினேன்.