ஆட்டப் பலகையும் துறைமுகத் தொழிலாளியும்

பலகை ஆட்டங்கள் தொழிலுக்கு வேண்டிய திறமைகளை வளர்க்கும் என்று நிருவாகப் பயிற்சி நடத்துவோர் இன்று சொல்கின்றனர். முன்கூட்டித் திட்டமிடுதல், எதிராளியின் எண்ணத்தை ஊகித்தல், தோல்வி கண்டு நிலைகுலையாமை என்று அவர்கள் அடுக்கும் பயன்களை நாம் மறுக்கவில்லை. அத்திறமை யாரிடம் இருக்கும்போது திறமையென மதிக்கப்படுகிறது என்பதே நமது கேள்வி. திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கி நின்று சிந்திப்போர்க்கு அது வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

ஆடு புலி ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். புலிகள் 3, ஆடுகள் 15. புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. புலிகளை அசையவிடாது அடைப்பது ஒன்றே ஆடுகளுக்கு வெற்றி. ஆடுகள் யாவும் களத்தில் இறங்கி முடியும்வரை அவற்றுள் ஒன்றையும் நகர்த்தவியலாது. பின்னிடம் வெறுமையாக நிற்கும் ஆடு போன ஆடுதான். ஆகவே ஒரு காயை வைக்கும்போதே இன்னும் வைக்காத காய்களையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். இதையொத்த ஆட்டம் சிங்கள மக்களிடையே 'திவியன் கெளிய' என வழங்கியதை ஹென்றி பார்க்கர் 1909இல் வெளிவந்த 'பண்டைய இலங்கை' என்னும் ஆங்கில நூலில் விவரித்துள்ளார். துறைமுகத்தில் தோளோடு தோள் நின்ற இரு மொழித் தொழிலாளர்க்கும் ஆட்டம் பொதுவானதே.

கப்பலின் சரக்கறையில் பொதிகளை அடுக்கிய தொழிலாளி செய்ததும் இவ்வகைக் கணக்கே. கடைசித் துறையில் இறங்கவேண்டிய சரக்கு முதலில் உள்ளே போகவேண்டும். முதல் துறைக்குரியது மேலே இருக்கவேண்டும். பாரம் ஒரு பக்கம் கூடினால் கப்பல் சாயும். இடைவெளி விட்டு அடுக்கிய பெட்டி கடற்கொந்தளிப்பில் உருளும். அடுக்குமுறையை வரைந்தவர் அதிகாரிதான். ஆயினும் காகிதத்தில் காணாத இடுக்குகளை நிரப்பியது தொழிலாளியின் கண்ணும் கையுமே. 1956இல் அமெரிக்காவில் தொடங்கிய கொள்கலன் முறை பரவியபின் அக்கணக்கின் பெரும்பகுதி கணினிக்குப் போயிற்று. கணினியின் முன் அமர்ந்தவர் நிபுணர் எனப்பட்டார். அதே கணக்கை மனத்தில் போட்டவரோ, சம்பளப் பட்டியலில் 'தேர்ச்சியற்றோர்' என்னும் வகுப்பில் கிடந்தார். கப்பலுக்குக் காத்திருந்த வேளையில் அவர் காய் நகர்த்தினால் அது வீண்பொழுது. குளிரூட்டிய மண்டபத்தில் அலுவலர் நகர்த்தினால் பயிற்சி!

இன்னொன்றும் உண்டு. ஆட்டத்தின் விதி இருவருக்கும் முன்பே தெரியும், நடுவில் மாறாது. தொழிலிடத்தில் அவ்வாறில்லை. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அந்நியத் தளம் அகன்றது நன்றே. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அத்தளத்தை நம்பிப் பிழைத்தோரின் கைத்திறன் ஒரே நாளில் குறைந்துவிடவில்லை, குறைந்தது வேலை. முடிவெடுத்தோர் பலகைக்கு வெளியே இருந்தனர். திட்டமிடலையும் பொறுமையையும் எவ்வளவு பழகியவனும், விதி வகுக்கும் இடத்தில் தனக்கு இருக்கை இல்லாதபோது என் செய்வான்? மாணவரிடம் "விளையாடு, வேலைக்கு உதவும்" என்று கூறும் ஆசிரியர், இதையும் உடன் கூறுதல் வேண்டும்.

விதி வகுப்போர் யார் என்பதை நினைக்கும்போது எலிசபெத் மாகி என்னும் அமெரிக்கப் பெண்மணி நினைவுக்கு வருகிறார். நிலவுடைமையாளர் வாடகையால் கொழுப்பதையும் மற்றோர் நலிவதையும் காட்டவே அவர் 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற பலகை ஆட்டத்தை உருவாக்கி, 1904இல் காப்புரிமை பெற்றார். எல்லாரையும் அழித்து ஒருவர் வெல்லும் விதிகளோடு, செல்வம் யாவருக்கும் பயன்படும் விதிகளையும் அவர் எழுதினார். அதன் வழித்தோன்றலே மொனொப்பொலி. அதை விற்ற கம்பெனி 1935இல் மாகியின் காப்புரிமையை 500 டொலருக்கு வாங்கிக்கொண்டது. இன்று கடையில் கிடைக்கும் மொனொப்பொலிப் பெட்டியில் அந்த இரண்டாவது விதித்தொகுதி இல்லை.