போர்வைக்கு வெளியே ஒரு கால்

என் தந்தையார் தம் கடைசிப் பத்தாண்டுகளைக் கால் நோவோடுதான் கழித்தார் என்பதை, அவர் மறைந்தபின், கட்டிலுக்கடியில் சேர்ந்து கிடந்த காலித் தைலப் புட்டிகளை எடுத்து வைத்தபோதுதான் நான் முழுமையாக உணர்ந்தேன். "கால் எப்படியப்பா இருக்கிறது?" என்று கேட்கும்போதெல்லாம், "ஒன்றுமில்லை, நீ போய்ப் படு" என்பதே பதிலாக இருந்தது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு என்று நோவின் சாயல் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கும் பாஷையில் பிறந்தும், அவற்றுள் ஒன்றையேனும் அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மௌனத்தைத் தைரியம் என்றே நெடுங்காலம் போற்றிவந்தேன்.

அந்த எண்ணத்தை அசைத்தவர் தாமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில வைத்தியர். 1624-இல் பிறந்து, உள்நாட்டுப் போரில் பார்லிமெண்டின் படையில் பணிபுரிந்து, பின்னர் லண்டனில் வைத்தியம் பார்த்த இவர், கௌட் எனப்படும் வாதரக்தத்தால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வருந்தியவர். தாவர சாஸ்திரி செடிகளை இனம் பிரிப்பதுபோல, நோயாளியின் அருகிருந்து கண்டதைக் கண்டவாறே குறித்து நோய்களையும் இனம் பிரிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1683-இல் லத்தீனில் வெளியிட்ட நூலில் அந்தப் பார்வையைத் தம் காலின் மீதே திருப்பினார். சுகமாகப் படுத்தவன் பின்னிரவு இரண்டு மணியளவில் பெருவிரல் நோவால் விழித்தெழுவதும், குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தொடர்ந்து வர, எலும்பு பிசகியதுபோல் தொடங்கிய வேதனை கடிப்பதாகவும் பிய்ப்பதாகவும் உருமாறுவதும், முடிவில் போர்வையின் பாரத்தையும் அறையில் ஒருவர் நடக்கும் அதிர்வையும்கூடப் பொறுக்க முடியாமற் போவதும் அங்கே வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. புலம்பல் இல்லை, ஒளிவுமறைவும் இல்லை. மிதமான ஆகாரம், குதிரைச் சவாரி என்று அவர் கூறிய பரிகாரங்கள் எளியவை. ஆனால் அந்த வர்ணனையின் கருணை பெரிது. தன் நோவை இன்னொருவர் சொல்லக் கேட்கும் நோயாளிக்குப் பாதி இருள் விலகிவிடுகிறது. அருகிருப்பவனுக்கோ, கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பது தெரிகிறது. மனம் நோகக்கூடாதென்று நம்மவர் காக்கும் மௌனம், பணிவிடை செய்ய விரும்புகிறவனைக் குருடனாக்கிவிடுகிறது என்றே இப்போது கருதுகிறேன்.

அந்தப் போர்வை பற்றிய வாக்கியத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. மார்கழிக் குளிரிலும் அப்பா தம் வலக்காலை மட்டும் போர்வைக்கு வெளியே நீட்டியபடி உறங்குவார். அதை வெறும் பழக்கம் என்றெண்ணி, படுக்கப் போகுமுன் ஒவ்வோர் இரவும் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடிவிட்டு வந்தேன்.