ஒன்றரை ஷிப்ட்

எக்செலில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு தொழிலாளி ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் உழைத்ததாக ஆறு கட்டத்திலும் 8:00 என்று போட்டுக் கீழே கூட்டிப் பாருங்கள். 48 வருமென்று நினைப்போம். 0:00 என்று வந்து நிற்கும். மென்பொருளின் மேல் குற்றமில்லை. நாம் கேட்டது மொத்த மணி. அது காட்டுவது கடிகாரம். 24 ஆனதும் முள் பழைய இடத்துக்கே வந்துவிடும், 48 ஆனால் இன்னொரு தரம். மணிக்கான குறியைச் சதுர அடைப்புக்குள் போட்டால் சரியாகிவிடும் என்பது சம்பளப் பிரிவுக்காரர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் வித்தை. ஆனாலும் அந்த 0:00-ஐ முதல் தடவை பார்க்கும்போது வயிற்றை என்னவோ செய்யும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு வாரத்துக்கு என்று வகுத்த முழு உழைப்பு, அப்படியே பூஜ்யம்.

இதாவது கண்ணில் படும் பிழை. படாமலே போகிற ஒன்று இருக்கிறது. 8 மணி 45 நிமிடத்தை 8.45 என்று எழுதித்தான் நமக்குப் பழக்கம்; பஸ் ஸ்டாண்டுப் பலகையிலும் அப்படித்தான். அதையே மணிக்கூலியால் பெருக்கினால் போச்சு. முக்கால் மணி 0.75 ஆயிற்றே, 8.75 என்றல்லவா போட்டிருக்க வேண்டும்? நாளுக்கு 18 நிமிடம் கரைந்துபோகிறது. 26 நாளில் 468 நிமிடம், அதாவது 7 மணி 48 நிமிடம். கிட்டத்தட்ட ஒரு முழு ஷிப்ட். யாரும் திருடவில்லை. இழந்தவருக்கும் தெரியாது.

கூட்டல் கழித்தல்தானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மில்லின் டைம் ஆபீசில் ஒரு மாதம் உட்கார்ந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். எட்டு மணி வேலை, அரை மணி சாப்பாடு, மூன்று ஷிப்ட் என்று கூட்டினால் 25½ மணி வருகிறது. நாளோ 24 மணிதான். மீதி ஒன்றரை மணியை யாரிடமிருந்து எடுப்பது? சில இடங்களில் மூன்றாம் ஷிப்டைக் குறுக்குவார்கள். சில இடங்களில் சாப்பாட்டையும் எட்டு மணிக்குள்ளேயே அடக்கிவிடுவார்கள். சென்னை பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்து 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவாகி, பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னால் நின்ற காலத்திலேயே, சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி போதவில்லை என்பது பெரிய குறையாக இருந்தது. நூறு வருடம் தாண்டியும் அந்த அரை மணி தீர்ந்தபாடில்லை.

இரவு ஷிப்டுக்கு வருவோம். வெள்ளி இரவு பத்து மணிக்குப் பஞ்ச் செய்து உள்ளே போனவர் காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறார். ஆறிலிருந்து இருபத்திரண்டைக் கழித்தால் விடை மைனஸில் போகும். சரி, 24-ஐக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் நள்ளிரவுக்குப் பிந்தைய அந்த ஆறு மணி நேரம் வெள்ளியா, சனியா? மிகைநேரம், வார விடுமுறை எல்லாம் இதற்கான பதிலில் தொங்குகின்றன. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-ஆம் பிரிவு தெளிவாகவே சொன்னது: நள்ளிரவுக்குப் பின் உழைத்ததும் முந்தைய நாளில்தான் சேரும், அவருக்கு மறுநாள் என்பது ஷிப்ட் முடிந்த பிறகே தொடங்கும். பஞ்சாங்கம் பார்க்கிற எந்தப் பாட்டியும் இதையேதான் சொல்லியிருப்பாள். சூரியன் உதித்தால்தான் அவளுக்குச் சனிக்கிழமை. விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளை வெள்ளிக்கிழமைப் பிள்ளை. தூங்காத மனிதனுக்கு நாள் முடிவதில்லை என்பது இருவருக்கும் புரிந்திருக்கிறது.

சட்டத்தில் இப்படி நிதானம் இருந்தாலும் வாசலில் வேறு கணக்கு. பத்து நிமிடம் பிந்தி வந்தால் அரை மணிக்குப் பிடித்தம். பத்து நிமிடம் கூடுதலாக நின்றால் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கப்பா." வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் கூலியைப் பிடிக்கக் கூடாது என்று 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே சொல்லியிருந்தது. நிமிடங்களை முழுமையாக்கும்போது மட்டும் அவை எப்போதும் ஒரே பக்கம் உருளுகின்றன. எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருப்பூரில் மணியே பேசமாட்டார்கள். அங்கே அளவு ஷிப்ட்தான். நாளுக்கு ஒன்றரை ஷிப்ட் என்பது வெகு சாதாரணம். 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டபோது, ஒன்றரை ஓட்டுகிறவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ. ஒன்றரை ஷிப்டை 12 மணி என்றே வைத்துக்கொள்வோம். ஆறு நாளில் 72 மணி. சூப்பர்வைசரின் நோட்டில் அது ஒன்பது ஷிப்ட் கூலி. சட்டப்படி 48-க்கு மேற்பட்ட 24 மணிக்கும் இரட்டைக் கூலி. அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு ஷிப்ட். (இவ்வளவு மிகைநேரம் வாங்கலாமா என்பது தனி வழக்கு.) ஒரே வாரம், ஒரே உடம்பு, நடுவில் மூன்று ஷிப்ட் வித்தியாசம். "ஒன்றரை" என்ற சொல் அவ்வளவு சுமுகமாக அதை மறைத்துவிடுகிறது.

ஆக, கழித்தல் கடைசி வேலை. எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதை யாரோ முன்னாலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். கேட்டில் பை சோதனைக்கு நிற்கும் நேரம், கம்பெனி வேனில் கடைசி ஆளுக்காகக் காத்திருக்கும் நேரம், மாற்று ஆள் வரும்வரை ஸ்பின்னிங் பிரேமை விட்டு நகர முடியாத நேரம் எதற்கும் நோட்டில் பத்தி கிடையாது. எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒருவர் தன் இஷ்டத்துக்கு எழுந்து போக முடியாத ஒவ்வொரு நிமிடமும் வேலை நேரம். மெஷின் ஓடியதா, துணி நகர்ந்ததா என்பது முதலாளியின் கணக்கு. போனது உழைத்தவரின் ஆயுள். அது மெஷின் நின்ற நேரத்திலும் போய்க்கொண்டேதான் இருந்தது.

இதையெல்லாம் சுற்றிவளைக்காமல் பேசத் தெரிந்தவர்கள் சனிக்கிழமைச் சம்பள வரிசையில் இருக்கிறார்கள். டைலர் அக்காக்கள் சிலர் கைப்பையில் ஒரு குட்டி டைரி வைத்திருப்பார்கள்; நாளுக்கு ஒரு வரி, ஒன்று அல்லது ஒன்றரை. சூப்பர்வைசரின் நோட்டோடு அது மோதும்போது பேச்சு இப்படிப் போகும்:

"ஏனுங்ண்ணா, புதன்கெழம ஒன்றரை ஓட்டியிருக்கறனுங்க. ஒண்ணுன்னு போட்டிருக்கறீங்க?"

"அன்னைக்குச் சாயங்காலம் கரண்ட் போயிருச்சில்லம்மா. பீஸே எறங்கலயே."

"கரண்ட் போச்சுங்க, நான் எங்கீங்க போனேன்? மெஷின்லதானுங்க உக்காந்திருந்தேன்."

பின்னால் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். சூப்பர்வைசர் பேனாவை உருட்டுகிறார், ஒன்றேகால் போடட்டுமா என்று கேட்கிறார். அக்கா டைரியை மூடாமல் அப்படியே நிற்கிறார்.