சமன் செய்தலும் நடுவுநிலைமையும்

போட்டி என்பது மனிதனின் ஆற்றலை அளக்கும் கோல்களுள் ஒன்று. கோல் நேராக இருந்தால்தான் அளவு மெய்யாகும். ஆனால், நேர்மை என்பது யாது? எல்லார்க்கும் ஒரே வாய்ப்பை அளிப்பதா? எல்லாரும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேருமாறு செய்வதா? இவ்வினாவிற்கு இங்கிலாந்தின் கார்ப்பந்தயக் களம் இருவேறு விடைகளை அளித்துள்ளது.

1958இல் அந்நாட்டின் சலூன் கார்ப் பந்தயத் தொடர் முதன்முறையாக நடைபெற்றது. முடிவில் ஜாக் சியர்ஸ், டாமி சாப்வித் ஆகிய இருவரும் சமமான புள்ளிகள் பெற்று நின்றனர். நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யலாம் என்ற யோசனையை இருவருமே விரும்பவில்லை. ஆகவே, பிராண்ட்ஸ் ஹாட்ச் களத்தில் ஒரே வகையான இரண்டு ரைலி கார்கள் நிறுத்தப்பட்டன. ஐந்து சுற்றுகள் ஓடியபின், கார்களை மாற்றிக்கொண்டு மீண்டும் ஐந்து சுற்றுகள் ஓடினர். 1.6 வினாடி வேறுபாட்டில் சியர்ஸ் வென்றார். காரின் நிறையும் குறையும் இருவர்க்கும் பொதுவாயின. எஞ்சி நின்றது ஆற்றல் ஒன்றே.

அத்தொடரே பின்னர் பிரிட்டிஷ் டூரிங் கார்ப் பந்தயமாக வளர்ந்தது. ஒரே நாளில் மூன்று ஓட்டங்கள் என்னும் முறையும் வந்தது. 2014ஆம் ஆண்டின் விதிகளை ஈண்டு நோக்கலாம். மென்மையான டயர் சாலையை இறுகப் பற்றும். ஆயினும் விரைவில் தேய்ந்துவிடும். அதனை மூன்று ஓட்டங்களுள் ஒன்றில் ஒவ்வொருவரும் பயன்படுத்தியாக வேண்டும் என்பது ஒரு விதி. முன்னணியில் உள்ளவரின் காரில் 75 கிலோகிராம் வரை கூடுதல் எடை ஏற்றப்படும் என்பது மற்றொன்று. மூன்றாம் ஓட்டத்திலோ, முன்னிடம் பெற்றோர் சிலரின் வரிசை குலுக்கல் முறையில் தலைகீழாக்கப்பட்டது. முதல் வீரர்கள் மறுத்த நாணயம் வேறு வடிவில் களத்திற்குள் நுழைந்தது எனலாம்.

டயர் விதி எவர்க்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை; அது அனைவர்க்கும் வைக்கப்பட்ட ஒரே தேர்வு. எடை விதியோ வென்றவனை வென்றமைக்காகவே வருத்துகிறது. பொருள் வளம் மிக்க அணியே என்றும் வெல்லாதிருக்க அது உதவும் என்பர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், அச்சுமை செல்வத்தை நிறுத்துப் பார்ப்பதில்லை. வெற்றியை மட்டுமே பார்க்கிறது. சிறிய அணியின் வீரன் தன் உழைப்பால் முந்தினாலும் அவனுக்கும் அதே சுமைதான். 2022இல் எடைக்கு மாற்றாக, முன்னணி வீரர்க்கு மின்விசையின் உதவி குறைக்கப்பட்டது. கருவி மாறியது, கருத்து மாறவில்லை.

விதியை முன்னரே அறிந்து, இசைந்து களம் புகுந்தவர்க்கு இது வஞ்சனை ஆகாது. விளையாட்டில் சுவை கூட்டவும் இது பயன்படலாம். ஆயினும், வாழ்க்கைக்கு இதனை அறமாகக் கொள்ளல் தகாது. பின்தங்கிய மாணவனுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் கற்பிப்பவர் நல்லாசிரியர். முதல் மாணவனின் புத்தகத்தைப் பிடுங்கி வைப்பவர் அல்லர். தாழ்ந்தவனைக் கைதூக்கி விடுவதும் உயர்ந்தவனைக் கீழே இழுப்பதும் இடைவெளியைக் குறைக்கும் செயல்களே. எனினும், முன்னது மனிதனை வளர்க்கும். பின்னது அளவுகோலையே வளைக்கும். வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். துலாக்கோலின் கடமை தட்டுகளைச் சமமாக்குவதன்று. உள்ள எடையை உள்ளவாறு காட்டுவதே.