5 எழுத்து, 27 பைட்

கல்லணையில் பிரியும் தண்ணீர் கடைமடை வயலைத் தொடுவதற்குள் எத்தனையோ மதகுகளைத் தாண்டுகிறது. நிரலுக்குள் எழுதிய ஒரு தமிழ்ச் சொல்லின் பயணமும் அப்படித்தான்.

'தஞ்சாவூர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு 5 எழுத்து. யுனிகோடில் புள்ளிக்கும் துணையெழுத்துக்கும் தனி இடம் உண்டு என்பதால் 9 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 27. பில்ட் ஸ்கிரிப்ட் இந்தச் சொல் உள்ள கோப்பை விண்டோஸ்-1252 என்ற மேற்கத்திய அட்டவணைப்படி படித்தால், தலையில் சாய்கோடு போட்ட ரோமன் 'ஏ' 9 முறை வந்து நிற்கும். பார்த்தால் பதறும், ஆனாலும் பைட்டுகள் பத்திரமாக இருந்தால் மீட்டுவிடலாம்.

கொடுமை வேறொன்று. விண்டோஸ் பவர்ஷெல் 5.1, குழாய் வழியே வெளி நிரலுக்கு எதையும் அனுப்பும்போது, நாம் மாற்றிவைக்காத வரை ஆஸ்கியாக்கித்தான் அனுப்பும். தஞ்சாவூர் 9 கேள்விக்குறிகளாகிவிடும். அவற்றிலிருந்து ஊர்ப்பெயரை எந்தக் கருவியாலும் திரும்ப எடுக்க முடியாது.

தமிழ்நாடு அரசு 2010-லேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டது. ஸ்கிரிப்டுகளும் ஏற்கட்டும்: கோப்பைத் திறக்கும், எழுதும், அனுப்பும் ஒவ்வொரு வரியிலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள்.