வென்றபோது அணிந்திருந்த நிறம்

‘வெற்றி தருகிறேன், உன் அடையாளத்தைக் கொடு’ என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வோம்? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கால்பந்து கிளப்தான் நினைவுக்கு வரும்.

அதன் நிறம் நீலம், செல்லப்பெயர் நீலப்பறவைகள். 1927இல் வெம்பிளியில் ஆர்சனலை 1-0 என வென்று எஃப்.ஏ. கோப்பையை வேல்ஸுக்குக் கொண்டுபோனது நீல ஜெர்சிதான். இங்கிலாந்துக்கு வெளியே வேறெந்த கிளப்பும் இன்றுவரை அதை வென்றதில்லை. 2012இல் உரிமையாளர், மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான், ஜெர்சியைச் சிவப்பாக்கினார். சின்னத்தில் டிராகன் பெரிதாக வந்து உட்கார, நீலப்பறவை அதன் காலடியில் சிறுத்துப்போனது. புதிய முதலீடு வரும், ஆசிய ரசிகர்களும் வருவார்கள் என்பது சொல்லப்பட்ட நியாயம்.

அடுத்த ஆண்டே கார்டிஃப் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 1962க்குப் பிறகு எட்டாமலிருந்த உச்சப் பிரிவு அது. அரை நூற்றாண்டுக் கனவு சிவப்பில் பலித்தது. ஆனாலும் ரசிகர்களில் பலர் நீலம் அணிந்தே மைதானத்துக்கு வந்தார்கள்.

இதை வெறும் பிடிவாதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நிறம் மாறவே கூடாது என்பதில்லை. 1899இல் ரிவர்சைடு என்ற பெயரில், கிரிக்கெட் நண்பர்கள் குளிர்காலத்திலும் பிரியாமலிருக்கத் தொடங்கிய அந்த கிளப் முதலில் அணிந்தது சாக்லேட் பழுப்பும் மஞ்சளும். நீலமும் இடையில் வந்ததுதான். ஆனால் அதன்பின் வந்த தோல்விகளையும் சரிவுகளையும் அந்த ஊர் நீலத்தோடுதான் தாங்கியது. தாத்தா பார்த்துக் கலங்கிய நிறத்தைப் பேரன் அணிந்தான். கூடவே நின்று பட்ட பாடுதான் ஒரு நிறத்தை நம்முடையதாக்குகிறது. கிளப்பை விலைக்கு வாங்கலாம். பட்ட பாட்டை வாங்க முடியாது.

2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. ஒற்றுமையைப் பற்றித் தன் தாய் எடுத்துச் சொன்னதையும் டான் அப்போது குறிப்பிட்டார். அந்த முடிவை நான் மதிக்கிறேன்.

பழைய ஜெர்சிகளைச் சேகரிப்பவர் அந்தச் சிவப்பையும் ஒதுக்கக் கூடாது என்பேன். நீலம் எவ்வளவு பெறும் என்று ஊருக்கே காட்டியது அதுதான்.

வேலைக்காக, வசதிக்காக நாமும் எதையெதையோ மாற்றிக்கொள்கிறோம். மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு கேள்வி போதும்: ஜெயித்துத் திரும்பும்போது, தோற்ற காலத்தில் நம்மோடு நின்றவர்களுக்கு நம்மை அடையாளம் தெரியுமா?